உப்புக்காற்று வீசும் ஊரில் மிளகாய் வளர்க்கத் தொடங்குவது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டத்தில் பெரியபட்டினத்துப் பக்கம், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் உங்கள் வீட்டில் மிளகாய் வளர்க்க இரண்டு முறை முயன்று, இரண்டு முறையும் நாற்றுகள் நான்கைந்து இலை விட்ட நிலையில் விளிம்பு பழுப்பாகிக் கருகிப் போய்விட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். சமையலுக்கு வாங்கிய வற்றலிலிருந்து விதை எடுத்ததாகவும், போர்த் தண்ணீர் ஊற்றியதாகவும், சத்துக்காக மீன் கழுவிய தண்ணீரையும் அவ்வப்போது சேர்த்ததாகவும் சொல்லியிருக்கிறீர்கள். இப்போது பூத் ஜலோக்கியா என்னும் மிகக் காரமான வடகிழக்கிந்திய மிளகாயின் விதைப் பொட்டலம் ஒன்று கையில் இருக்கிறது, எதிலிருந்து தொடங்குவது, என்ன உரம் போடுவது என்பது உங்கள் கேள்வி.

உரத்தைப் பற்றிக் கடைசியில் பேசலாம். நீங்கள் விவரித்த அறிகுறி, அதாவது இலையின் நடுப்பகுதி பச்சையாகவே இருக்க நுனியும் விளிம்பும் மட்டும் காய்ந்து உள்நோக்கிக் கருகி வருவது, பெரும்பாலும் உப்பின் வேலை. நாற்றழுகல் நோயாக இருந்தால் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நூலாக மெலிந்து, செடி ஒரே இரவில் சாய்ந்து படுத்திருக்கும். இலை கருக நேரமே இருந்திருக்காது. தொட்டியின் வாய் விளிம்பிலும் மண்ணின் மேற்பரப்பிலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

மிளகாய் உப்பைத் தாங்கும் பயிர் அன்று. பருத்தியும் தென்னையும் சகித்துக்கொள்ளும் தண்ணீர் மிளகாயை வாட்டிவிடும். பாசன நீரின் தரத்தைப் பற்றிய ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் அட்டவணையைச் சாதாரண டி.டி.எஸ். கணக்குக்கு, அதாவது நீரில் கரைந்துள்ள மொத்த உப்பின் அளவுக்கு, மாற்றிப் பார்த்தால், ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள உப்பு ஏறத்தாழ 650 மில்லிகிராம் வரை இருந்தால் மிளகாய் விளைச்சலுக்குக் குறைவில்லை. 950-ஐ நெருங்கினால் பத்தில் ஒரு பங்கும், 1,400-ஐ எட்டினால் கால் பங்கும், 2,200-ஐத் தொட்டால் பாதியும் போய்விடும். வளர்ந்த செடிக்கே இந்தக் கணக்கென்றால், முளைத்து வேர் பிடிக்காத நாற்றின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் பழுதுபார்க்க வருகிறவர்கள் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வைத்திருப்பார்கள். சில நூறு ரூபாய்க்குக் கடையிலும் கிடைக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் செலவு செய்வதற்கு முன் அதை வாங்கி, உங்கள் வீட்டில் கிடைக்கும் ஒவ்வொரு தண்ணீரையும் தனித்தனியாக அளந்துவிடுங்கள். நம் கரையில் மிளகாய் வருமா வராதா என்பதை ரகமோ எருவோ தீர்மானிப்பதில்லை, அந்த மீட்டரில் தெரியும் எண்தான் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அளக்கும்போது ஒரு வேறுபாட்டைக் கவனிப்பீர்கள். கடலோர மணல் பகுதியில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அதனால்தான் பாம்பன், ராமேசுவரம் பக்கம் மணலில் கையால் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் சுரக்கிறது. அதே இடத்தில் ஆழமாகப் போர் போட்டால் உப்பு வருகிறது. பழைய உறைகிணறு ஒன்று வீட்டிலோ பக்கத்திலோ இருந்தால் அதன் நீர் போர்த் தண்ணீரைவிட நன்றாக இருக்க வாய்ப்புண்டு. மார்கழியில் அளந்த எண் ஆடியில் அப்படியே இருக்காது என்பதால் மாதம் ஒரு முறை அளப்பது நல்லது. சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் பலர் செடிக்கு விடுகிறார்கள். உள்ளே போன நீரின் உப்பெல்லாம் திரண்டு வருவது அந்தக் குழாயில்தான். மிளகாய்க்கு அது ஆகவே ஆகாது.

மீன் கழுவிய தண்ணீரும் இப்படித்தான். மீன் கழுவிய நீரில் சத்து உண்டு என்பது உண்மை. ஆனால் நம் வீடுகளில் செதிலும் வழுவழுப்பும் போகக் கல்லுப்பைப் போட்டு உரசித்தானே மீனைக் கழுவுகிறோம்? அந்த முதல் இரண்டு கழுவல் நீர் உப்புக்கரைசலேதான். மீன் கழிவைப் பயன்படுத்த விரும்பினால், உப்புப் போடுவதற்கு முன்பே எடுத்த குடல், செவுள், தலையை ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசி, சம எடை நாட்டுவெல்லம் சேர்த்து மூடிய வாளியில் மூன்று வாரம் நிழலில் வைத்து மீன் அமிலமாக்கிக்கொள்ளுங்கள். வடிகட்டிய அமிலத்தில் 5 மில்லியை ஒரு லிட்டர் நீரில் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை மாலையில் தெளித்தால் போதும். கருவாட்டுக் கழிவை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

மழைநீரைச் சேமிக்க முடிந்தால் உங்கள் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். 500 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், சிந்தியதும் ஆவியானதும் போக, சுமார் 400 லிட்டர் கிடைக்கும். நம் மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. தொட்டியில் நிற்கும் வளர்ந்த மிளகாய்ச் செடி வெயில் காலத்தில் நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் குடிக்கும். ஐந்து செடிக்கு நூறு நாள் கணக்குப் போட்டால் 750 லிட்டர் வருகிறது. மூடியுள்ள 1,000 லிட்டர் தொட்டி ஒன்றை மாடிக்குழாயின் கீழ் வைத்து, முதல் மழையில் வரும் தூசு நீரை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழைகளைப் பிடித்துவைத்தால் ஐந்து செடியைத் தை தொடங்கிப் பங்குனி வரை கொண்டுபோய்விடலாம். ஐந்துக்கு மேல் முதல் ஆண்டில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தால் அதுவும் மிளகாய்க்கு உகந்ததுதான். ஆனால் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில் அதைச் செடிக்கு ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மழைநீர் தீர்ந்து, 1,000 அளவுள்ள கிணற்று நீரை விட வேண்டிய கட்டாயம் வந்தால், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் கெடுதல். நீர் ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில் தங்கிவிடும். அதற்குப் பதிலாக, ஊற்றும்போது தொட்டியின் அடித்துளை வழியாகக் கொஞ்சம் வெளியேறும் அளவுக்கு நிறைய ஊற்றி, மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு அடுத்த தண்ணீர் விடுங்கள். வெளியேறும் நீர் உப்பையும் எடுத்துக்கொண்டு போகும். அடியில் தட்டு வைத்து அந்த நீரைத் தேக்கிவைப்பதில் பயனில்லை. தண்ணீரை இலையில் படாமல் மண்ணிலேயே ஊற்றுங்கள்.

அடுத்தது மண். கடற்கரை மணல் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு, தேங்காய்நார்த் தூள் ஒரு பங்கு என்ற கலவை போதும். கடலோரத்தில் கிடைக்கும் நார்த்தூளில் ஒரு சிக்கல் இருக்கிறது: உப்பங்கழி நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்திருந்தால் அதிலேயே உப்பு இருக்கும். வாளியில் நல்ல தண்ணீர் ஊற்றி ஊறவைத்துப் பிழிந்தெடுங்கள்; பிழிந்த நீரில் மீட்டரை வைத்தால், ஊறவைத்த நீரின் எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை மறுபடி மறுபடி அலச வேண்டும். எருவுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. கிடை போடுகிறவர்களிடம் ஆட்டு எரு கிடைக்கும். ஆனால் புதிய புழுக்கை சூடு கொடுத்து வேரைப் பொசுக்கிவிடும் என்பதால் குறைந்தது மூன்று மாதம் நனைத்து மூடி மக்கவைத்ததையே சேர்க்க வேண்டும். கண்மாய் வண்டல் கிடைத்தால் கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். அதற்கு மேல் போனால் தொட்டி இறுகிவிடும். சீமைக்கருவேல் கரிமூட்டத்துச் சாம்பலைச் செடிக்குப் போடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதில் பொட்டாஷ் உண்டு என்பது சரி. ஆனால் நம் மண்ணும் நீரும் ஏற்கெனவே காரத்தன்மை (ஆல்கலி) உள்ளவை, சாம்பல் அதை இன்னும் கூட்டும். தொட்டி 12 லிட்டருக்குக் குறையாமல், அடியில் நாலைந்து துளைகளோடு இருக்கட்டும்.

ரகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் மாவட்டத்திலேயே முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, ஆர்.எஸ். மங்கலம் பக்கங்களில் மானாவாரியாக விளைந்து, 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்ற ராமநாதபுரம் முண்டு இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டாம். குண்டாக, தடித்த தோலோடு, நல்ல சிவப்பில் வரும் இந்த மிளகாய் இந்த வெயிலுக்கும் வறட்சிக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகியது. நீட்டு மிளகாய்தான் வேண்டுமென்றால் கோவில்பட்டியில் உருவான கே.1, பரமக்குடியில் உருவான பி.எம்.கே.1 ஆகியவை மானாவாரிக்கென்றே வெளியிடப்பட்டவை. கடையில் வாங்கிய வற்றலிலிருந்து விதை எடுத்தால் முளைக்காது என்பதில்லை, உங்களுக்கே முளைத்திருக்கிறது. ஆனால் அந்த வற்றல் எந்த ரகம், வீரிய ஒட்டா, எத்தனை நாள் கொதிக்கும் களத்தில் கிடந்தது என்பதெல்லாம் தெரியாது. வீரிய ஒட்டாக இருந்தால் அடுத்த தலைமுறைச் செடிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. எட்டிவயல், பரமக்குடிப் பக்கம் போகிறவர்கள் இருந்தால், முண்டு பயிரிடும் விவசாயி விதைக்கென்று எடுத்துவைத்த பழத்தில் ஒரு கைப்பிடி வாங்கிவரச் சொல்லுங்கள். அதற்கு ஈடான பொட்டலம் கிடையாது.

விதைக்கும் காலத்தில் பெரிதாகத் தேர்வு செய்ய ஒன்றுமில்லை. ஆவணிக் கடைசியிலோ புரட்டாசி முதல் வாரத்திலோ நாற்று விட்டுவிட வேண்டும். மற்ற ஊர்களில் தையிலும் ஆனியிலும் விதைக்கிறார்கள். நல்ல தண்ணீர் உள்ளவர்களுக்கு அது சரி. நமக்கு மழையின் மடியில் செடி வளர்ந்து, பனிக்காலத்தில் பூத்து, தையில் காய் பறிப்பதுதான் வசதி. பகலில் 35 டிகிரியைத் தாண்டும் வெப்பத்திலும், இரவிலும் வெக்கை தணியாத நாட்களிலும் மிளகாய்ப் பூ காம்போடு உதிரும்; சித்திரையில் பூக்கிற செடியைப் பார்த்து உரம் போதவில்லையோ என்று கவலைப்படுகிறவர்கள் பலர். அப்போது அதை நிழல்வலைக்குக் கீழே நகர்த்துவதைத் தவிரச் செய்வதற்கு அதிகமில்லை.

குழித்தட்டிலோ பழைய தயிர்க் கப்பிலோ அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு இரண்டு விதை போட்டு, மழைநீரை மட்டும் தெளித்து, ஈரச் சாக்கால் மூடிவையுங்கள். எட்டு முதல் பத்து நாளில் முளை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளுத்து நீண்டுவிடும். சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிரித் தூள் கிடைத்தால் விதையில் புரட்டி விதைப்பது நாற்றழுகலைக் குறைக்கும். காலை வெயில் படும் இடமாக வைத்து, உச்சி வெயிலுக்கு மட்டும் நிழல் கொடுங்கள். நாற்பது நாள் அளவில், நாற்று ஒரு சாண் உயரத்தில் உறுதியான தண்டோடு நிற்கும்போது, மாலையில் தொட்டிக்கு மாற்றுங்கள். அது ஐப்பசி அடைமழைக் காலமாக இருக்கும் என்பதால், தொட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கிவைப்பது அவசியம். தண்ணீர் இல்லாமல் வாடும் மிளகாய் பிழைத்துக்கொள்ளும். இரண்டு நாள் நீர் தேங்கிய மிளகாய் பிழைப்பது கடினம். தரையில் நடுவதானால் இரண்டு அடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில், மேட்டுப்பாத்தியில் நடுங்கள்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தொண்டி, தேவிபட்டினம் போன்ற வடகடல் ஊர்களில் வாடைக்காற்றுதான் உப்புத்துளியைச் சுமந்து வருகிறது. அது மிளகாய் பூக்கும் பருவத்திலேயே வீசுவதால் அங்கே வடக்கிலும் கிழக்கிலும் மறைப்பு வேண்டும். உங்களுடையது தென்கடல் கரை. வாடை தரை வழியாக வருவதால் தொல்லை குறைவு. சித்திரைக்குப் பிறகு தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் காற்றுதான் இலையைக் கருக்கும். எனவே வீட்டின் வடகிழக்குப் பக்கம், வீட்டுச்சுவரே மறைப்பாக அமையும் இடம், உங்களுக்குச் சரியாக இருக்கும். அங்கே காலை வெயில் ஐந்து மணி நேரமாவது விழ வேண்டும். தென்னை நிழல் முழுதும் விழுந்தால் செடி உயரும், காய்க்காது. காற்று பலமாக அடித்த மறுநாள் காலையில் மழைநீரால் இலைகளை ஒரு முறை கழுவிவிடுங்கள். இலையில் தண்ணீர் படலாம் என்று நான் சொல்வது அந்த ஒரு சமயத்தில் மட்டும்தான்.

பூச்சி வராத மிளகாய் கிடையாது. இலை மேல்நோக்கிப் படகு போல் மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிலந்தி (வலை பின்னும் எட்டுக்கால் பூச்சி அன்று, இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய உயிரி), நம் பக்கத்தில் முரணை விழுந்துவிட்டது என்பார்கள். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பிடிக்கப் பழகுவது முக்கியம். வெள்ளைத் தாளைச் செடியின் அடியில் பிடித்துக் கொண்டு நுனிக்கிளையைத் தட்டுங்கள்; வைக்கோல் நிறத்தில் மெல்லிய கோடு போல ஊர்ந்தால் அது இலைப்பேன். சிலந்தி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து வாரம் ஒரு முறை இலையின் அடிப்பக்கத்தில் படும்படி மாலையில் தெளித்தால், தொடக்க நிலையில் இரண்டுமே ஓரளவு அடங்கும். சிலந்திக்கு நனையும் கந்தகத்தைப் பொட்டலத்தில் உள்ள அளவுப்படி தெளிக்கலாம், ஆனால் வெயில் உறைக்கும் நாட்களில் தெளித்தால் இலை கருகும். இலை சிறுத்து, சுருண்டு, நரம்பு தடித்து, செடி குட்டையாக நின்றுவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நச்சுயிரி, மருந்து கிடையாது. பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிடுங்கள், மற்ற நான்கையாவது காப்பாற்றலாம்.

இனி உரம். நட்ட மூன்றாம் வாரத்தில் தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரமும் இரண்டு தேக்கரண்டி வேப்பம்பிண்ணாக்கும், பிறகு மாதம் ஒரு முறை அதே அளவு. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் செடி கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும், பூ வராது. மண்டபம் பக்கம் கிடைக்கும் கடற்பாசிச் சாறு நல்லதே. கரையில் ஒதுங்கிய பாசியை அப்படியே தொட்டியில் போடுவது உப்பை விலை கொடுக்காமல் வாங்குவதாகும், ஒரு மழைக்காலம் முழுதும் நனைந்து மக்கிய பிறகு பயன்படுத்தலாம். காயின் அடிநுனியில் பழுப்புத் தழும்பு விழுந்தால் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். நீர் விடுவது ஒரு நாள் அதிகமாகவும் ஒரு நாள் இல்லாமலும் போவதும், மண்ணில் ஏறிய உப்பும்தான் வழக்கமான காரணங்கள்.

முதல் பூவிலிருந்து பச்சைக்காய் பறிக்க ஒரு மாதம் போலவும், பழமாகச் சிவக்க அதற்கு மேல் சில வாரங்களும் ஆகும். முதல் காய்களைப் பச்சையாகவே பறித்துவிடுங்கள். செடி அடுத்த பூவுக்குத் தயாராகும். இரண்டாம் மூன்றாம் பறிப்பில், நன்றாகக் காய்த்த, நோயில்லாத ஒரு செடியின் முழுச் சிவப்புப் பழங்களை விதைக்கு ஒதுக்குங்கள். நிழலில் உலர்த்தி விதையைப் பிரித்து, காகித உறையில் ரகமும் மாதமும் எழுதிக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் அடுத்த புரட்டாசிக்கு ஆயிற்று. மிளகாய் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்றாலும் தேனீ பக்கத்து ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதும் சகஜம்; இரண்டு ரகம் வைத்தால் விதைச்செடியின் ஒரு கிளையைப் பூப்பதற்கு முன்பே கொசுவலைத் துணியால் மூடிவிட வேண்டும். வற்றல் போடுவதானால் மாலை நான்கு மணிக்கே தார்ப்பாயை மடித்து வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். கடலோரப் பனியில் ஓர் இரவு நனைந்த பழம் உள்ளே பூஞ்சணம் பிடித்து வெளிறிவிடும்.

கடைசியாக, உங்கள் பூத் ஜலோக்கியா. அசாம், நாகாலாந்துப் பக்கத்து இந்த மிளகாய் 2007-ல் உலகின் மிகக் காரமானது என்று கின்னஸ் பதிவில் ஏறியது. காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் பத்து லட்சத்துக்கும் மேல். ஈரமும் மிதமான வெப்பமும் உள்ள மலையடிவாரத்துச் செடி அது. முளைக்கவே மூன்று நான்கு வாரம் எடுக்கும், காய்க்க முண்டைவிட இரண்டு மாதமாவது கூடுதலாகும், அதற்குள் நம் ஊர்க் கோடை வந்துவிடும். விதையைத் தூக்கிப் போட வேண்டாம். பொட்டலத்தைச் சிறு டப்பாவில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருங்கள். இந்த ஆண்டு முண்டு காய்த்துவிட்டால், அடுத்த ஆடியிலேயே அந்தப் பொட்டலத்திலிருந்து ஐந்தாறு விதையை வீட்டுக்குள் முளைக்கவைத்து, மழைநீர் மிச்சமிருப்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு செடி மட்டும் அரைநிழலில் வைத்துப் பாருங்கள். பறிக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காரம் விதையில் இருப்பதில்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில் ஊறுகிறது. அதைத் தொட்ட கையைத் தண்ணீரில் மட்டும் கழுவினால் எரிச்சல் போகாது, எண்ணெய் தடவிப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.